மருத்துவரின் முதல் பாடம்

சுபாங் ஜெயா வட்டாரத்தில் மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் அருகருகே அமைந்துள்ளன. 1985ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சுபாங் ஜெயா மருத்துவ மையமும் பண்டார் சன்வேயில் உள்ள சன்வே மருத்துவ மையமும் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் நன்கறிந்தவை. அதே வட்டாரத்தில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் டெய்லர்ஸ் பல்கலைக்கழகமும் மருத்துவப் படிப்பை நடத்துகின்றன. கல்லூரி வகுப்பறையிலிருந்து மருத்துவமனைக்குக் காரில் சென்றால் சில நிமிடங்கள் போதும். ஆனால், ஒரு மாணவர் பொறுப்புள்ள மருத்துவராக அங்கே நுழைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நம் நாட்டில் மருத்துவப் பட்டப்படிப்பு பொதுவாக ஐந்து ஆண்டுகள் நீடிக்கிறது. அதன்பின் பயிற்சி மருத்துவராக இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். ஒரு துறையில் வல்லுநராக விரும்புவோர் மேலும் சில ஆண்டுகள் கற்க வேண்டும்.

இந்த நெடிய பயணத்தின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடம் உடற்கூறியல். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, மருந்தின் பெயர்களை அறிவதற்கு முன்பே, எலும்பு, தசை, நரம்பு, இரத்தக்குழாய் ஆகியவற்றின் அமைப்பை மாணவர்கள் கற்கின்றனர். முதலாம் ஆண்டில் கற்ற நுணுக்கங்களில் பல, தேர்வு முடிந்த சில மாதங்களிலேயே நினைவிலிருந்து நழுவிவிடுகின்றன. அப்படியானால், அப்பாடத்தை அவ்வளவு முன்னதாகக் கற்பிப்பதால் என்ன பயன்? பத்து, இருபது ஆண்டுகள் கழித்து அந்த மருத்துவர் எடுக்கும் முடிவுகளில் அதன் பங்கு என்ன?

பெயர்களும் பாதைகளும்

வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. தசைகள் 600க்கும் மேற்பட்டவை. மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்படுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அதனால், புதிதாகச் சேரும் மாணவர் பலருக்கு உடற்கூறியல் ஒரு மனப்பாடப் போட்டியைப் போலத் தோன்றுகிறது.

உண்மையில், பெயரைவிடப் பாதையே முதன்மையானது. கிள்ளானிலிருந்து ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா வழியாகக் கோலாலம்பூரை அடைகிறது கூட்டரசு நெடுஞ்சாலை. இச்சாலையில் ஓரிடத்தில் தடை ஏற்பட்டால் எந்தெந்த ஊர்களுக்குச் செல்வோர் தவிப்பர் என்பதைப் பாதையை அறிந்தவர் உடனே சொல்லிவிடுவார். அதுபோலவே, தவிக்கும் ஊர்களைக் கேட்டால் தடை எங்கே என்பதையும் அவர் ஊகித்துவிடுவார்.

மருத்துவரும் இப்படித்தான் சிந்திக்கிறார். மேற்கை எலும்பு நடுவில் முறிந்த ஒருவரால் மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டது மேற்கையில், செயலிழந்தது மணிக்கட்டு. கழுத்திலிருந்து வரும் நரம்பொன்று மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டி வளைந்து சென்று, மணிக்கட்டைத் தூக்கும் தசைகளை இயக்குகிறது என்பதைக் கற்றவருக்கு இதில் புதிர் இல்லை. எலும்பு முறிந்த இடத்தில் அந்நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் உடனே உணர்வார்.

உடற்கூறியல் மருத்துவர்களுக்கு ஒரு பொதுமொழியையும் தருகிறது. நேராக நின்று, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்புறமாகக் காட்டும் நிலையையே உடலின் அடிப்படை நிலையாக உலகெங்கும் உள்ள மருத்துவர்கள் கொள்கின்றனர். முன், பின், மேல், கீழ் என்னும் சொற்கள் யாவும் இந்நிலையை வைத்தே கூறப்படுகின்றன. வலம், இடம் என்பவை எப்போதும் நோயாளியின் வலமும் இடமுமே. எதிரே நிற்கும் மருத்துவருடையவை அல்ல. இது எளிய விதியாகத் தோன்றலாம். ஆனால், வலது சிறுநீரகத்துக்குப் பதிலாக இடது சிறுநீரகத்தில் கத்தி பட்டுவிட்டால் அந்தத் தவற்றைத் திருத்த வழியில்லை. முதலாண்டில் பதியும் இப்பழக்கம் ஒரு மருத்துவரின் பணிக்காலம் முழுவதும் நோயாளிக்குக் காவலாக நிற்கிறது.

நூலும் கண்ணும்

உடலைப் பற்றிய அறிவு எளிதில் கிடைத்துவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்து ஆராய்ந்து பல நூல்களை எழுதினார். மனித உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. ஆயினும், அவர் எழுதியவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் மறுக்க முடியாத உண்மைகளாகக் கருதப்பட்டன. கல்லூரிகளில் பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து கேலனின் நூலைப் படிப்பார். கீழே வேறொருவர் உடலை அறுத்துக் காட்டுவார். நூலில் உள்ளதும் உடலில் உள்ளதும் வேறுபட்டாலும் நூலே சரியென்று கொள்ளப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர் பிரஸ்ஸல்சில் பிறந்த ஆன்ட்ரியாஸ் வெசாலியஸ். இத்தாலியின் படுவா நகரில் கற்பித்த அவர், உயர்ந்த இருக்கையிலிருந்து இறங்கித் தம் கையாலேயே உடலை அறுத்து மாணவர்களுக்குக் காட்டினார். மனிதரின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் எழுதியிருந்தார். அது ஒரே எலும்புதான் என்பதை வெசாலியஸ் நிறுவினார். 1543ஆம் ஆண்டில் மனித உடலமைப்பைப் பற்றிய தம் பெருநூலை அவர் வெளியிட்டபோது அவருக்கு வயது 28.

இந்தியாவில் 1835ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அக்காலத்தில் பிணத்தைத் தொடுவதே தீட்டு என்று கருதப்பட்டது. ஆயுர்வேத மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றிருந்த மதுசூதன் குப்தா, 1836ஆம் ஆண்டில் அக்கல்லூரியில் மனித உடலை அறுத்து, அந்தத் தடையை உடைத்தார். நோயாளிக்கு உதவ வேண்டுமாயின் உடலின் உட்புறத்தை நேரில் காண வேண்டும் என்னும் கருத்து இந்திய மண்ணில் வேரூன்ற அவருடைய துணிவு வழிவகுத்தது.

தமிழிலும் இந்தப் பாடம் முன்னதாகவே கற்பிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவ வகுப்பை நடத்திய அவர், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். அதற்காகத் தமிழைக் கற்றார், கலைச்சொற்களைத் தொகுத்தார், மாணவர்களின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். இலண்டனில் 1858ஆம் ஆண்டில் ஹென்றி கிரே வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூறியல் நூல், 1872ஆம் ஆண்டில் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் தமிழில் வெளிவந்தது. உடலின் ஒவ்வோர் உறுப்பையும் தம் தாய்மொழியில் சுட்டிக்காட்டக் கற்ற அம்மாணவர்கள், பின்னர் ஊர் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே நோயை விளக்கினர்.

மலாயாவைப் பொறுத்தவரை, 1905ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியே நெடுங்காலம் இந்நாட்டுக்கு மருத்துவர்களை உருவாக்கித் தந்தது. பின்னர், 1962ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் அமைக்கப்பட்டது. அதன் முதல் புலத்தலைவராகப் பொறுப்பேற்று அதனை வளர்த்தெடுத்தவர் டாக்டர் தம்பு ஜான் தனராஜ். இன்று நாடெங்கும் பல கல்லூரிகளில் மருத்துவம் கற்பிக்கப்பட்டாலும், உடலமைப்பைக் கற்ற பின்னரே நோயைக் கற்க வேண்டும் என்னும் வரிசை பெரிதும் மாறவில்லை.

வலி காட்டும் வழி

நோயின் காரணத்தை ஆராய்ந்து அறிந்த பிறகே அதனைத் தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்று ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் வலியுறுத்துகிறார். ஆனால், வலிக்கும் இடமே நோயுள்ள இடம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. இதனைப் பகுத்தறியும் திறனை மருத்துவருக்கு உடற்கூறியல் அளிக்கிறது.

குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்வோம். குடல்வால் வயிற்றின் வலப்புறத்தில் கீழே உள்ளது. எனினும், நோயின் தொடக்கத்தில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியே தோன்றும். குடல்வாலிலிருந்து வரும் நரம்புகளும் தொப்புளைச் சுற்றியுள்ள தோலிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நுழைவதால் மூளைக்கு அவற்றைப் பிரித்தறிய முடிவதில்லை. அழற்சி முற்றி வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பின்னரே வலி வலப்புறத்துக்கு நகர்கிறது. இதை அறிந்த மருத்துவர், தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று வரும் சிறுவனை ‘அஜீரணம்’ என்று சொல்லி அனுப்பிவிடாமல், சில மணி நேரம் கழித்து மீண்டும் பரிசோதிப்பார். குடல்வால் வெடிப்பதற்கு முன் அதனைக் கண்டறிவதற்கு இந்த எச்சரிக்கையே துணை செய்கிறது.

மற்றொரு சூழல் இன்னும் வியப்பானது. மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி, இடப்பக்க விலாவில் அடிபட்ட ஒருவர் தம் இடது தோள் நுனியில் வலிப்பதாகச் சொல்கிறார். தோளில் காயமோ எலும்பு முறிவோ இல்லை. இந்த வலி எங்கிருந்து வருகிறது? நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது. கருவில் உடல் உருவாகும்போது உதரவிதானம் கழுத்தின் அருகே தோன்றிப் பின்னர் கீழே இறங்குவதே இதற்குக் காரணம். தோள் நுனியின் தொடு உணர்வும் கழுத்தின் அதே பகுதியைச் சென்றடைகிறது. ஆகவே, மண்ணீரல் கிழிந்து இரத்தம் கசிந்து உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும். இந்தத் தொடர்பை அறிந்த பயிற்சி மருத்துவர் தோளுக்கு எக்ஸ்ரே எடுப்பதோடு நின்றுவிட மாட்டார். உடனே வயிற்றையும் ஆராய்வார். அந்தச் சில நிமிடங்கள் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

குரல் கம்மியிருப்பதாகக் கூறி வருபவரின் தொண்டையில் சில வேளைகளில் எந்தக் கோளாறும் இருக்காது. இடப்பக்கக் குரல்நாணை இயக்கும் நரம்பு, கழுத்திலிருந்து நேராகக் குரல்வளைக்குச் செல்வதில்லை. அது நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. அதனால், நெஞ்சில் வளரும் ஒரு கட்டி அந்நரம்பை அழுத்தும்போது அதன் முதல் அறிகுறி குரலில் வெளிப்படலாம். வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் மாற்றத்துக்கு நெஞ்சையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு குடும்ப மருத்துவர் முடிவு செய்வதற்குப் பின்னால், முதலாண்டில் அவர் வரைந்து பழகிய ஒரு நரம்பின் படம் இருக்கிறது.

கத்தி தொடும் முன்

அறுவை மருத்துவர்களுக்கு உடற்கூறியலின் தேவை வெளிப்படையானது. பித்தப்பையில் கல் உண்டானால் அதனை அகற்றுவது இன்று பரவலாகச் செய்யப்படும் அறுவை. வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமராவைச் செலுத்தி, திரையைப் பார்த்தபடியே மருத்துவர்கள் அதனைச் செய்கின்றனர். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டு செல்வது ஒரு பெரிய நாளம். அதிலிருந்து பிரியும் சிறிய நாளமொன்று பித்தப்பையை அடைகிறது. வெட்ட வேண்டியது சிறிய நாளத்தை மட்டுமே. பித்தப்பையை இழுத்துப் பிடிக்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் வந்து ஒன்றுபோலத் தோன்றக்கூடும். பெரிய நாளம் தவறுதலாக வெட்டப்பட்டால் நோயாளி மீண்டும் ஒரு பெரிய அறுவைக்கு உள்ளாக நேரிடும். அதன் விளைவுகள் பல ஆண்டுகள் தொடரலாம். எனவே, பித்தப்பைக்குள் நுழைவது எது, நுழையாதது எது என்பதைத் தெளிவாகக் கண்ட பின்னரே வெட்ட வேண்டும் என்பது அறுவை மருத்துவர்களின் விதி.

அறுவை அறைக்கு வெளியிலும் இந்த அறிவு தேவைப்படுகிறது. பிட்டத்தில் ஊசி போடும்போது மேற்புறத்தில் வெளிப்பக்கமாகவே போட வேண்டும் என்று மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும் கற்பிக்கப்படுகிறது. அதற்குக் கீழே உட்புறமாக, காலுக்குச் செல்லும் மிகப் பெரிய நரம்பு ஓடுகிறது. ஊசி அதில் பட்டால் காலே செயலிழக்கக்கூடும். மயக்க மருந்து மருத்துவர் ஒரு கையை மட்டும் மரத்துப்போகச் செய்வதற்கு அதன் நரம்புகள் எங்கே ஒன்றுகூடுகின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் படங்களைப் படிக்கும் ஊடுகதிர் மருத்துவர், குறுக்கே வெட்டியது போலத் தெரியும் ஒவ்வொரு படத்திலும் உறுப்புகளை அடையாளம் காண்கிறார். அவருடைய பணியே உடற்கூறியலை வேறொரு கோணத்திலிருந்து படிப்பதுதான்.

எல்லாத் துறைகளுக்கும் இப்பாடம் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. மனநல மருத்துவருக்குக் கை எலும்புகளின் நுணுக்கங்கள் அன்றாடம் பயன்படமாட்டா. எனினும், எந்தத் துறைக்குச் செல்வோம் என்பதை முதலாண்டு மாணவர் எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உடற்கூறியல் வகுப்பில் கைத்தசைகளை நுட்பமாகப் பிரித்தெடுக்கும்போது தமக்கு அறுவைத் துறையில் ஈடுபாடு இருப்பதை உணரும் மாணவர் உண்டு. படங்களைப் பார்த்து உறுப்புகளைக் கண்டறிவதில் மகிழ்ச்சி காண்பவரும் உண்டு. தமக்குப் பொருந்தாத துறை எது என்பதையும் சிலர் அங்கேயே கண்டுகொள்கின்றனர்.

நூலில் உள்ள படத்தைப் போலவே எல்லா உடல்களும் அமைந்திருப்பதில்லை என்பதும் அங்கே கற்கும் பாடம். இதனை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டவாறு மணிக்கட்டைச் சற்று உட்புறமாக மடக்கினால், மணிக்கட்டின் நடுவில் ஒரு தசைநாண் புடைத்துத் தெரியும். வகுப்பில் சிலருக்கு அது தெரியாது. ஏனெனில், அவர்களுக்கு அந்தத் தசை பிறவியிலேயே இல்லை. அதனால் கையின் வலிமைக்குப் பெரிய குறை எதுவும் ஏற்படுவதில்லை. அத்தசைநாண் உள்ளவர்களுக்கு வேறோர் இடத்தில் தசைநாண் அறுந்துபோனால், அறுவை மருத்துவர்கள் இதனை எடுத்து அங்கே பொருத்துவதுண்டு. இதைவிட அரிதாக, இதயம் வலப்புறத்திலும் கல்லீரல் இடப்புறத்திலும் அமைந்த மனிதர்களும் இருக்கின்றனர். பல உடல்களைக் கண்டு பழகிய மாணவர், ‘பொதுவாக இப்படித்தான் இருக்கும், ஆனால், இவருக்கு எப்படி இருக்கிறதோ?’ என்று எண்ணத் தொடங்குகிறார். அந்தக் கேள்வியே அவரைக் கவனமுள்ள மருத்துவராக்குகிறது.

எவ்வளவு கற்பிப்பது?

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவ அறிவு பெருகியது. மரபணுவியல், நோயெதிர்ப்பியல், தொடர்பாற்றல் முதலிய புதிய பாடங்கள் சேர்ந்தன. படிப்பின் காலம் மட்டும் நீளவில்லை. எனவே, பல நாடுகளில் உடற்கூறியலுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் குறைக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தொடங்கிய மருத்துவப் படிப்பில், தனித்தனிப் பாடங்களுக்குப் பதிலாக நோயாளியின் சிக்கலை மையமாகக் கொண்டு மாணவர்கள் சிறு குழுக்களாகக் கற்றனர். இம்முறை உலகெங்கும் பரவியது. 2002ஆம் ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட இங்கிலாந்தின் பெனின்சுலா மருத்துவக் கல்லூரி, இறந்த உடல்களை அறுக்காமலேயே உடற்கூறியலைக் கற்பித்தது. உயிருள்ள மனிதரின் தோலின்மீது உறுப்புகளை வரைவதும் அல்ட்ராசவுண்ட் கருவியால் உட்புறத்தைப் பார்ப்பதும் அங்கே பின்பற்றப்பட்ட வழிகள்.

இம்மாற்றங்களைப் பற்றி மருத்துவ ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நேரம் குறைந்ததால் இளம் மருத்துவர்களின் அடிப்படை தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர் ஒருபுறம். பயன்படுத்தப்படாத நுணுக்கங்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை என்போர் மறுபுறம். 1977ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர் குந்தர் ஃபான் ஹாகன்ஸ் உடல் பகுதிகளில் நெகிழியை ஏற்றிப் பாதுகாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன்பின் மணமின்றி, கெடாமல், மீண்டும் மீண்டும் கையிலெடுத்துப் பார்க்கக்கூடிய உறுப்புகள் கல்லூரிகளுக்குக் கிடைத்தன. மேசை அளவிலான தொடுதிரைகளில் உடலை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது.

எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் ஒன்று உறுதி. நோயாளியோடு தொடர்பின்றிக் கற்ற பெயர்கள் விரைவில் மறந்துபோகின்றன. ஒரு நோயோடும் ஒரு செயலோடும் இணைத்துக் கற்றவை நிலைக்கின்றன. மேற்கை நரம்பின் பாதையை நூலில் படித்த அதே வாரத்தில், மணிக்கட்டைத் தூக்க முடியாத ஒருவரைக் காணும் மாணவர் அந்நரம்பை மறக்கமாட்டார். ஆகையால், முதலாண்டில் கற்றதை மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் பயிற்சிக் காலத்திலும் மீண்டும் தொட்டுச் செல்லும் வகையில் பாடத்திட்டம் அமைய வேண்டும் என்பதை இருதரப்பினரும் ஏற்கின்றனர். முன்னதாகக் கற்பது விதைப்பதைப் போன்றது. விதைத்துவிட்டு நீர் ஊற்றாமல் விட்டால் விளைச்சலை எதிர்பார்க்க முடியாது.

மௌன ஆசான்கள்

உடற்கூறியல் வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் மருத்துவக் கல்லூரிகளுக்குத் தேவையான உடல்கள் கிடைக்கவில்லை. கல்லறைகளிலிருந்து உடல்கள் திருடப்பட்டன. 1828ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் இருவர், உடல்களை விற்றுப் பணம் பெறுவதற்காகவே 16 பேரைக் கொன்றது வெளிப்பட்டது. இத்தகைய கொடுமைகளைத் தடுக்க 1832ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின்னரும், கேட்பாரற்று இறந்த ஏழைகளின் உடல்களே கல்லூரிகளுக்குச் சென்றன. அவர்களுடைய ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. மாணவர்களுக்கு அவர்களுடைய பெயர்கூடத் தெரியாது.

இன்று பல நாடுகளில் மக்கள் உயிரோடிருக்கும்போதே தாமாக முன்வந்து தம் உடலைத் தானமாகப் பதிவு செய்கின்றனர். தைவானின் சூ சி பல்கலைக்கழகத்தில் இவ்வாறு உடல்தானம் செய்தவர்களை ‘மௌன ஆசான்கள்’ என்று போற்றுகின்றனர். அத்திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 2012ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மௌன ஆசான் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் மாணவர்கள் தங்களுக்குக் கற்பிக்கப்போகும் உடல் யாருடையது என்பதை அறிகின்றனர். தானம் செய்தவரின் குடும்பத்தாரைச் சந்தித்து அவருடைய வாழ்க்கையைக் கேட்டறிகின்றனர். பயிற்சிக்கு முன் அவருக்கு வணக்கம் செலுத்துகின்றனர். அந்த உடலில் அறுவை முறைகளைப் பயின்ற பிறகு, ஒவ்வொரு வெட்டையும் தைத்து, உடலுக்கு ஆடை அணிவித்து, குடும்பத்தார் முன்னிலையில் மரியாதையோடு வழியனுப்புகின்றனர்.

இதனால் மாணவருக்குக் கிடைக்கும் பயன் அறுவைத் திறன் மட்டுமன்று. தம் முன்னே கிடப்பவருக்கு ஒரு பெயர் உண்டு, அவருக்காகக் கண்ணீர் விடும் பிள்ளைகள் உண்டு என்பதை அறிந்தபின் கையில் பிடிக்கும் கத்தியின் கனம் கூடுகிறது. மருத்துவமனை வார்டில், ‘12ஆம் கட்டிலின் கல்லீரல் நோயாளி’ என்று ஒருவரைக் குறிப்பிடுவது எளிது. ஒரு முழு மனிதரை முதல் நோயாளியாகக் கண்டு தொடங்கிய மருத்துவர், அந்தக் கட்டிலில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்க நினைவு கொள்வார். பரபரப்பான வேலை நாளில் நோயாளியின் போர்வையைச் சரிசெய்துவிட்டுச் செல்வதும், பரிசோதிக்கும் முன் அவருடைய ஒப்புதலைக் கேட்பதும் இங்கே தொடங்கும் பழக்கங்கள்தாம்.

அடித்தளத்தின் பயன்

மருத்துவம் விரைவாக மாறும் துறை. இன்று கொடுக்கும் மருந்து இருபது ஆண்டுகளில் வழக்கொழிந்து போகலாம். அறுவைக் கருவிகள் மாறும். படமெடுக்கும் முறைகள் மாறும். மனித உடலின் அமைப்பு மட்டும் அவ்வளவு விரைவாக மாறப்போவதில்லை. வெசாலியஸ் கண்ட கீழ்த்தாடை எலும்பையே இன்றைய மாணவரும் காண்கிறார். ஒரு மருத்துவர் தம் நாற்பதாண்டுப் பணியில் புதிதாகக் கற்பவை யாவற்றையும் பொருத்திக்கொள்ளும் சட்டமாக உடற்கூறியல் விளங்குகிறது. புதிய கருவி எதுவாயினும், அது உடலின் எந்தப் பகுதியைக் காட்டுகிறது, எந்த வழியாகச் செல்கிறது என்பதை அறிய இந்தச் சட்டம் உதவுகிறது.

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு மருத்துவராக வேண்டும் என்று விரும்பும் மாணவர்கள் பலர். உயிரியல் பாடத்தில் இதயத்தின் படத்தை வரைந்து பெயர் குறிக்கும்போதே அவர்கள் இந்தப் பயணத்தைத் தொடங்கிவிடுகின்றனர். இரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குச் செல்கிறது, வால்வு ஒன்று பழுதானால் எங்கே இரத்தம் தேங்கும் என்று ஒரு படி கூடுதலாகச் சிந்தித்துப் பார்ப்பவருக்கு அந்தப் படம் தேர்வோடு முடிந்துவிடாது. பின்னாளில் மூச்சுத்திணறலோடு ஒருவர் எதிரே வந்து அமரும்போது, அவருடைய இதயத்தில் எந்தக் கதவு சரியாக மூடவில்லை என்பதை அறிய அந்தப் படமே கைகொடுக்கும்.